இரண்டாவது பத்திரிகை

முதல் பத்திரிகையை முண்டகக்கண்ணி அம்மன் காலடியில் வைத்தாயிற்று. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய இரண்டாவது பத்திரிகை பதினைந்து நாளாகத் தாயம்மாவின் கைப்பைக்குள்ளேயே கிடந்தது. மீதியெல்லாம் பெரும்பாக்கத்து வீட்டில், பீரோவுக்கு மேலே, கட்டுப் பிரிக்காமல் இருந்தன. அம்மனுக்கு அடுத்தபடி பொன்மணிக்குத்தான், அவளுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று சந்நிதியில் நின்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"கல்யாணத்துக்குப் பத்தே நாள்தான் கீது. மண்டபத்துல நானும் பொண்ணும் ஐயரும் மட்டும் குந்திக்கினு இருக்கப் போறோம், பாரு," என்றான் மகன் பிரபு. தாயம்மாவின் தம்பி அசோகனுக்கோ வேறு வருத்தம். தாய்மாமனுக்கு வரவேண்டிய பத்திரிகை யாருக்கோ போகிறதாமே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

யாருக்கோ இல்லை. பிரபு பிறந்த இருபதாம் நாள் தாயம்மா மஞ்சள் காமாலையில் விழுந்து ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்போது ஆற்றோரத்துக் குடிசைப் பகுதியான நாகாத்தம்மன் தோட்டத்தில் எதிர்வீட்டுப் பொன்மணிக்கும் கைக்குழந்தை, அன்புச்செல்வி. ஒரு பக்கம் தன் பெண்ணும் மறுபக்கம் பிரபுவுமாகப் போட்டுக்கொண்டு அவள்தான் பால் கொடுத்தாள். தாயம்மா எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தபோது பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. அவளைப் பார்த்து அழுதது.

அதை மட்டும் நினைத்திருந்தால் நன்றி என்று ஒரு புடவையோடு முடிந்திருக்கும். தாயம்மாவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது வேறொன்று. பிரபுவுக்கு நாலு வயது இருக்கும்போது தெருக்குழாயடியில் எல்லாரும் பார்க்க, பொன்மணியை "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினான். தாயம்மா அவனை இழுத்து முதுகில் ஒன்று வைத்தாள். "உன்ன பெத்தவ நானு. கண்டவளையும் அம்மாங்காத." பொன்மணி குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் சண்டையில்லை, பேச்சும் நிற்கவில்லை. ஆனால் பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொள்வது மட்டும் நின்றுபோயிற்று.

பிறகு பெருவெள்ளம் வந்தது. தோட்டத்தை இடித்துத் தள்ளி, ஜனங்களைப் பெரும்பாக்கத்து அரசாங்கக் குடியிருப்புக்கு லாரியில் ஏற்றினார்கள். பொன்மணி மட்டும் அங்கே வரவில்லை, எங்கோ வாடகைக்குப் போய்விட்டாள் என்றார்கள். பத்து வருடம். சைதாப்பேட்டையில் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள், பாலவாக்கம் கடற்கரையில் மீன் விற்பதாக ஒருவன் சொன்னான். இரண்டு இடத்திலும் அலைந்து கால் வீங்கியதுதான் மிச்சம்.

அப்போதுதான் ஓட்டு லிஸ்டு சமாசாரம் வந்தது. ஒவ்வொருவரும் இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியலில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் படிவத்தில் எழுத வேண்டுமாம். நாகாத்தம்மன் தோட்டத்துப் பட்டியல் கோட்டூர்புரத்து உதவி மையத்தில் இருக்கிறதென்று கேட்டதும் தாயம்மாவுக்குப் பளிச்சென்று பட்டது. பொன்மணி எந்த மூலையில் இருந்தாலும் அந்தப் பட்டியலைத் தேடி வந்துதானே ஆக வேண்டும்?

மையம் என்பது ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் நீரஜா டீச்சர். மயிலாப்பூரிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர், பள்ளி வேலையோடு இந்த வேலையும் அவர் தலையில். வரிசையில் தாயம்மாவுக்குப் பின்னால் நின்றவர் சேட்டு, பழைய தோட்டத்தில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தவர்.

"இன்னா தாயம்மா, கெய்வி ஆயிட்ட?"

"நீ மட்டும் கொமரனாட்டம் கீறியாக்கும்."

டீச்சர் தாயம்மாவின் பெயரை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். "கதவு எண் பதினெட்டு. தாயம்மா, கணவர் பெயர் கபாலி, வயது இருபத்தெட்டு. சரிதானே?"

இருபத்தெட்டு. கபாலி உயிரோடிருந்த வயது. தாயம்மா தலையாட்டினாள், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"அதுக்கு மேலயும் கீழயும் இன்னா போட்டுக்கீது டீச்சரம்மா? கொஞ்சம் படிங்களேன்."

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தாயம்மாவின் முகத்தைப் பார்த்தார். படித்தார். "பதினஞ்சு, அம்மாசி. பதினாறு, ஹாஜிரா பீ, மகன் இனாயத்…"

"அம்மாசி பூட்டாரு," என்றார் சேட்டு பின்னாலிருந்து. "இனாயத்து ஆட்டோ ஓட்டிக்கினு கீறான்."

இடித்துத் தள்ளிய தெரு, வீடு தவறாமல் காகிதத்தில் நின்றுகொண்டிருந்தது. மழைக்கு ஒழுகிய கூரைகளும் மாலையில் அரைத்த மசாலா வாசனையும் அதில் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு கதவு எண்ணுக்கும் தாயம்மாவுக்கு ஒரு முகம் வந்து போயிற்று. சில பெயர்களுக்குப் பக்கத்தில் நீலப் பேனாவில் டிக்கும் தேதியும் இருந்தன.

"அது இன்னாத்துக்கு?"

"வந்து பாத்துட்டுப் போனவாளுக்கு நான் போட்டுக்கறது. திரும்பத் திரும்பத் தேட வேண்டாம் பாருங்கோ."

"இருபத்திரெண்டாம் நம்பர பாருங்க."

டீச்சரின் விரல் இறங்கியது. "பொன்மணி, வயசு இருபத்தாறு. டிக் இருக்கே. போன புதன்கிழமை வந்திருக்கா."

தாயம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இருக்கிறாள். இதே பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"பொய் சொல்ட்டேன் டீச்சரம்மா. என் ஃபாரத்த எம்புள்ள செல்லுலயே முட்ச்சிட்டான். நான் இவளத் தேடிக்கினுதான் வந்தேன்." பத்திரிகையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பால் கொடுத்ததைச் சொன்னாள். குழாயடியில் அடித்ததையும் ஒளிக்காமல் சொன்னாள். "அவ அட்ரஸ் உங்களாண்ட இருக்கும்ல?"

"இருக்கு. ஆனா நான் தரக்கூடாதும்மா."

"இன்னா டீச்சர், ஒரு கல்யாணப் பத்திரிக்கதான," என்றார் சேட்டு. "அதுல குண்டா வச்சிக்கீது?"

"இவங்களுக்குக் குடுத்தா நாளைக்கு அடிச்சுத் துரத்தின புருஷன் ஒருத்தன் வந்து பொண்டாட்டி அட்ரஸ் கேட்டாலும் குடுக்கணும். குடுக்கலாமா, நீங்களே சொல்லுங்கோ."

அந்த வார்த்தையில் நியாயம் இருப்பது தாயம்மாவுக்குத் தெரிந்தது. பத்திரிகையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசல் வரை போனாள்.

"இருங்கோ," என்றார் டீச்சர். "அட்ரஸ்தான் தரக்கூடாது. ஃபாரத்துல நம்பர் இருக்கு, நானே அவங்களக் கேக்கலாம். அவங்க சரின்னா பேசுங்கோ. வேண்டாம்னுட்டா, நீங்க மேல கேக்கப்படாது."

தாயம்மா வாசலிலிருந்து திரும்பி வந்தாள். இத்தனை நாளும் கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடென்று நினைத்திருந்தாள். வேண்டாம் என்று சொல்ல பொன்மணிக்கும் ஒரு வாய் உண்டு என்பது இப்போதுதான் உறைத்தது.

டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே, தன் செல்போனோடு தாழ்வாரத்துக்குப் போனார். இரண்டு தடவை அடித்து நின்றது. மூன்றாவது தடவை எடுத்தார்கள். டீச்சர் மெதுவாகப் பேசினார். பேச்சுக்கு நடுவே அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றார். தாயம்மா அம்மனைக் கூப்பிட்டாள். கொடு என்று கேட்கவில்லை. அவள் எது சொன்னாலும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

டீச்சர் செல்போனை நீட்டினார்.

"பொன்மணி," என்றாள் தாயம்மா.

"நல்லா கீறானா?" என்றது பழைய குரல், கொஞ்சம் கரகரத்து.

"கீறான். கல்யாணம்."

"டீச்சர் சொல்ச்சு. ஜனத்தோட ஜனமா பின்னால நின்னு பாத்துட்டுப் போறேன் தாயம்மா. அது போதும்."

"பின்னால நிக்கவா ஒன்ன ஊரெல்லாம் தேடினேன்? எனக்குப் பக்கத்துல நில்லு. புள்ள தண்ணி ஊத்திக் கால் கழுவுவான், ஒனக்கும் எனக்கும். அன்னிக்கு அட்ச்சது…"

"வுடு."

"வுட முடிலடி."

தாயம்மா செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "எங்க குந்தினு கீற?" என்றாள் பொன்மணி.

"கோட்டூர்புரத்துலதான்."

"அங்கியே இரு. வீட்டு வேல முட்ச்சிக்கினு பஸ் பிடிக்கிறேன். எந்நேரம் ஆவுமோ தெரியல."

எங்கிருந்து வருகிறாள் என்று தாயம்மா கேட்கவில்லை. சொன்ன மட்டும் போதும் என்றிருந்தது.

ஐந்து மணிக்கு வகுப்பறையைப் பூட்டினார்கள். டீச்சர் தன் நாற்காலியை வாட்ச்மேனிடம் சொல்லிப் பள்ளி வாசலுக்கு வெளியே போட வைத்தார். சாயங்காலமாகியும் திறக்காத டப்பாவைத் தாயம்மாவின் கையில் கொடுத்தார். "தயிர் சாதம். ரெண்டு பேருக்கும் காணும். டப்பாவ வாட்ச்மேனண்ட குடுத்துடுங்கோ."

ஸ்கூட்டர் போய்விட்டது. சிலர் தங்கள் வேலைக்குள்ளே தங்களால் முடிந்த ஒன்றைச் செய்துவிட்டு அப்படித்தான் சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள். தெய்வம் அவர்களை எங்கே எழுதி வைத்துக்கொள்கிறதோ.

தாயம்மா மடியில் பத்திரிகையை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரு பஸ் வந்தது. மாணவர்கள் இறங்கினார்கள். இன்னொன்று வந்தது. கூடையோடு ஒருத்தி இறங்கினாள், அவள் இல்லை. ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் தாயம்மா நாற்காலியைவிட்டு எழுந்து நின்றாள்.