சத்தம் போடாத வண்டி

இளவேனிலின் வளைகாப்புக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். மாமியார் அன்னபூரணி அத்தை விடாமல் போன் செய்தார். "நீங்க வரலன்னா அவ அழுவுறா மாப்ள. ஓரமா நின்னுட்டாவது போங்க" என்றார். போனேன். ஓரமாக நின்றேன்.

இளவேனில் என் மனைவி விஷ்ணுப்ரியாவின் தங்கை. பிரியா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவளும் வளைகாப்பு முடிந்து குரும்பகரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வைக்கோல் ஏற்றிய டிராக்டரின் பின்னால் கார் மோதியது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. வயிற்றிலிருந்த குழந்தையும் போயிற்று. காரை ஓட்டியவர் அவளுடைய அப்பா, என் மாமா சிவசுப்பிரமணியன். ஸ்டீரிங் இடித்து அவருக்கு விலா எலும்பு முறிந்தது. நான் சீர்த் தட்டுகளோடு வேனில் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், "பெல்ட் போட்டிருந்தாங்களா?" என்று கேட்டார். அத்தை அப்போது அங்கே இல்லை. மாமா ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். அவர் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அதன் பிறகு யாரும் அதைக் கேட்கவில்லை. எல்லோரும் டிராக்டர்காரனைத் திட்டினார்கள். பின்னால் விளக்கு இல்லாத டிராக்டர். அதுவும் உண்மைதான்.

இளவேனிலின் கணவன் கலைவாணன் வீடு கோட்டுச்சேரியில் இருக்கிறது. தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் வளையல் பூட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்களுக்கு வாசலில் நாற்காலி. நான் வேலை பார்க்கும் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று ஒருவர் விசாரித்தார். சொன்னேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஏழு வகைச் சாதம். இலையில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டேன். ருசி எதுவும் தெரியவில்லை.

கலைவாணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். வேட்டி நழுவாமல் இருக்க பெல்ட் கட்டியிருந்தான்.

"என்ன சகல, ஒரு ரவுண்டோட எழுந்திரிச்சிட்டீங்க? உள்ள ஒருத்தி ஏழையும் ரெண்டு ரவுண்டு அடிச்சிட்டா. கேட்டா புள்ள கேக்குதாம்."

"எப்பக் கெளம்புறாங்க?"

"நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வண்டி எடுத்துடணும்னு பெரியம்மா குதிக்குது."

"நீ அவகூடப் போறியா?"

"எங்க? நான் வேன்ல, தட்டோட. கார்ல அவுங்க மூணு பேருதான்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனான்.

நான் காரைப் பார்க்கப் போனேன்.

அதே கார்தான். முன்பக்கம் முழுவதையும் மாற்றி இன்சூரன்ஸில் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். புங்கமரத்தடியில் நின்றது. மாமா ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டயர்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது.

உள்ளே குனிந்து பார்த்தேன். இரண்டு முன் இருக்கைகளிலும் கிளிப் இருந்தது.

கார் சாமான் கடையில் விற்பார்கள். சீட் பெல்ட்டின் இரும்பு நாக்கு மட்டும் தனியாக, கறுப்புப் பிளாஸ்டிக் தலையோடு. அதைக் கொக்கியில் செருகிவிட்டால் பெல்ட் போட்டிருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். பெல்ட் போடச் சொல்லிச் சத்தம் போடாது. மாமா கார் வாங்கிய வாரமே வாங்கி மாட்டினார். விதைநெல் மூட்டையை முன் இருக்கையில் வைத்தால்கூட அது கத்தியது. மூட்டைக்கு எவன் பெல்ட் போடுவான் என்று கேட்டுச் சிரிப்பார். பிரியாவும் சிரிப்பாள்.

"மாமா, இந்தக் கிளிப்ப எடுத்துடலாம்."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "எதுக்கு?"

"இளவேனில் பெல்ட் போடட்டும்."

"வயித்துப் புள்ளைக்காரி மாப்ள. அழுத்தும்."

"அழுத்தாது. கீழ்ப் பட்டைய வயித்துக்கு அடியில, தொடையோட போடணும். மேல் பட்ட நெஞ்சு நடுவுல வரணும். டாக்டருங்களே சொல்றாங்க."

"கால் மணி நேரத்துப் பாதை. முப்பதுல போவேன்."

அன்றைக்கும் அதே பாதைதான்.

துணியைப் பிழிந்தார். தண்ணீர் அவர் காலிலேயே விழுந்தது. நகரவில்லை.

"நான் பாக்காமலா இருக்கேன் மாப்ள. தெனம் இதுல உக்காந்துதான ஓட்டுறேன். தெனம் பாக்குறேன்." குரலைத் தாழ்த்தினார். "இத இன்னிக்கு எடுத்தா, ஏன் எடுத்தீங்கன்னு உங்க அத்த கேப்பா. அன்னிக்கு ஏன் எடுக்கலன்னு அடுத்தாப்ல கேப்பா. இதுநாள்வரைக்கும் டிராக்டர்காரனத்தான் சபிக்கிறா. அவ அப்புடியே இருந்துட்டுப் போகட்டும்."

"இளவேனில்?"

"ஒண்ணும் ஆவாது" என்றார். "ஆவாது" என்று மறுபடியும் சொன்னார். காரின் பின்பக்கம் போய்விட்டார்.

நானே கிளிப்பைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்திருக்கலாம். எறிந்தால் வண்டி கத்தும். வண்டி கத்தினால் பெல்ட்டைக் காலி இருக்கையில் மாட்டிவிட்டு, அது முதுகுக்குப் பின்னால் கிடக்க அவளை உட்கார வைப்பார்கள். அதற்குக் கிளிப்கூட வேண்டாம். ஆட்டோ ஓட்டுபவர்களுக்குக்கூடத் தெரிந்த வித்தை. எடுப்பது பெரிதல்ல. எல்லோரும் கேட்கும்படி சொல்ல வேண்டும். சொன்னால் அத்தைக்குத் தெரிந்துவிடும். மாமாவுக்கு எழுபது வயது. அவருக்கு என் மேல் பிரியம் உண்டு. எனக்கும் அவர் மேல் கோபம் எதுவும் வந்ததில்லை. கோபம் வரும் என்று நானும் காத்திருந்து பார்த்தேன்.

பெண்கள் வெளியே வந்தார்கள். இளவேனிலின் இரண்டு கைகளிலும் முழங்கைவரை வளையல். மடியில் வெற்றிலை, பாக்கு, பூ, பழம். கலைவாணனின் பெரியம்மா அல்லி, அவள் கூந்தலில் வேப்பிலைக் கொத்தைச் செருகினார். கையில் பாக்குவெட்டியைக் கொடுத்தார்.

"இரும்ப கைய விட்டு எடுக்காத. வூடு போய்ச் சேர்ற வரைக்கும் வெச்சிரு. வழியில காத்து கருப்பு எதுவும் அண்டாது."

பிரியாவுக்கும் வேப்பிலை வைத்தார்கள். பாக்குவெட்டி கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் அதை வளையல்களோடு ஒரு பாலிதீன் பையில் போட்டுத் தந்தார்கள். உடையாத வளையல்கள் நிறைய இருந்தன.

பின்னால் உட்கார்ந்தால் குமட்டுகிறது என்று இளவேனில் முன் இருக்கைக்கு வந்தாள். கலைவாணன் கதவைத் திறந்து பிடித்தான். "மெதுவா, மெதுவா. லோடு அதிகம்."

"வாய மூடுங்க. வேன்ல எடம் இருக்கான்னு மொதல்ல பாருங்க" என்றாள். உட்கார்ந்தாள். மாமா ஓட்டுநர் இருக்கையின் கதவைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இளவேனில், பெல்ட் போடு" என்றேன்.

சாதாரணமாகத்தான் சொன்னேன். ஆனால் ஓரமாக நின்றவன் பேசினால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

"வயித்துப் புள்ளக்காரிக்கு எதுக்குத் தம்பி பெல்ட்டு?" என்றார் பெரியம்மா. "நசுங்கிப் பூடும். நல்ல நேரத்துல எதையாவது சொல்லிக்கிட்டு."

"நசுங்காதுங்க."

"நாங்கல்லாம் புள்ள பெக்கலயா? பெல்ட்டு போட்டுக்கிட்டா மாட்டு வண்டியில போனோம்?"

யாரோ சிரித்தார்கள். மாமா சாவியைத் திருகினார். வண்டி சத்தம் எதுவும் போடாமல் கிளம்பத் தயாராக நின்றது.

"பிரியா போடல" என்றேன்.

சிரிப்பு நின்றது. ஒரு சுமங்கலி விசேஷத்தில் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. அதுவும் நான் சொல்லக் கூடாது. பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

பின் கதவருகே நின்ற அத்தை மெதுவாக முன்னால் வந்தார்.

"என்ன சொன்னீங்க மாப்ள?"

"பிரியா பெல்ட் போடல அத்த. அதுல கிளிப்பு இருந்துச்சு. போட்டிருந்தா பொழச்சிருப்பாளான்னு எனக்குத் தெரியாது. பொழச்சிருக்கலாம். இவளுக்கும் அதே கிளிப்புதான் இருக்கு."

அத்தை குனிந்து காருக்குள் பார்த்தார். அது எதற்கு என்று அவருக்கு அதுவரை தெரிந்திருக்காது. வண்டியின் பாகம் என்றே நினைத்திருப்பார். இளவேனில் அதன் கறுப்புத் தலையை அழுத்தி வெளியே எடுத்தாள். உடனே வண்டி கத்த ஆரம்பித்தது.

"இதாம்மா" என்றாள்.

அத்தை அதைக் கையில் வாங்கவில்லை. மாமாவைப் பார்த்தார்.

"அன்னிக்கும் இது இருந்துச்சா?"

மாமா ஸ்டீரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"ஒங்களத்தான் கேக்குறேன்."

"இருந்துச்சு."

"தெரிஞ்சா இருந்தீங்க?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார். வண்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பெரியம்மா வேறு யாரிடமோ மணி கேட்டார். நாலேகால் என்றார்கள்.

அத்தை அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"நீங்க பின்னாடி வாங்க. மாப்ள ஓட்டட்டும்" என்றார்.

"அன்னபூரணி, அவரு எப்படி இன்னிக்கு..." என்று பெரியம்மா ஆரம்பித்தார். பெண்டாட்டியை இழந்தவன் வளைகாப்புக் காரை ஓட்டுவதா என்பது அவர் கேள்வி. நியாயம்தான். அத்தை அவர் பக்கம் திரும்பவேயில்லை. பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். மாமா இறங்கினார். இறங்கும்போது கார்க் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டார். சுற்றிப் போய்ப் பின்னால் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது.

இளவேனில் மடியிலிருந்த வெற்றிலை, பழங்களை அம்மாவிடம் கொடுத்தாள். பெல்ட்டை இழுத்தாள். கீழ்ப் பட்டையை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினேன். புடவைக் கொசுவத்துக்கு அடியில், வயிற்றின் கீழே, இரண்டு இடுப்பெலும்புகளையும் தொட்டுக்கொண்டு. மேல் பட்டை வளையல்களில் மாட்டியது. விடுவித்துச் சரிசெய்துகொண்டாள். கொக்கி விழுந்தது.

"அழுத்துதாடி?" பெரியம்மா கேட்டார்.

"இல்ல. ரவிக்கதான் அழுத்துது."

நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த மற்றொரு கிளிப்பையும் பிடுங்கிக் கதவுப் பையில் போட்டேன். கியர் போட்டேன். வண்டி எலுமிச்சம்பழங்கள் மேல் ஏறி இறங்கியது. தெருமுனைவரை கத்திக்கொண்டே வந்தது. அங்கே நிறுத்தினேன். கொக்கி சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று இளவேனிலின் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். உறுதியாக இருந்தது.

"அவளுதுதான் போட்டாச்சே" என்றார் மாமா பின்னாலிருந்து.

இளவேனில் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் மை கலைந்திருந்தது.

"அத்தான், ஒங்களுக்குத்தான் கத்துது."

பார்த்தேன். எனக்குத்தான். இத்தனை பேசியும் என்னைப் பற்றி நான் நினைக்கவேயில்லை.

வேகமாக இழுத்தேன். பெல்ட் பூட்டிக்கொண்டு வர மறுத்தது. பின்னால் வேன் ஹாரன் அடித்தது. இளவேனில் காத்திருந்தாள். அத்தையும் காத்திருந்தார். விட்டுவிட்டு மெதுவாக இழுத்தேன். வந்தது. மாட்டினேன். சத்தம் நின்றது. குரும்பகரம் சாலையில் திருப்பினேன்.