நாற்காலியாக வந்து சேர்ந்தவர்கள்

காலை பத்தரை மணிக்கு சர்வர் அறையில் இருந்தவர்கள்: பழைய ஆட்டத்தைப் பதினோரு வருடமாகத் தனியாளாகக் கட்டி மேய்த்த சர்வர்காரன், புது ஆட்டத்துக்கு நிரல் எழுதும் பெண், சுவர்க் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காத மேனேஜர், பன்னிரண்டு மணிக்கு அறையின் மின்சாரத்தைத் துண்டிக்க வந்து, அதுவரை ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்ட எலக்ட்ரீஷியன், அங்கே இருக்க எந்த அனுமதியும் இல்லாத சர்வர்காரனின் அக்கா.

அக்கா பஸ் ஓட்டுபவள். காலை ஷிப்டை முடித்துச் சீருடையோடு வந்து, மடிக்கணினியை ஒரு காலிப் பெட்டியின் மேல் விரித்துக்கொண்டாள். மேனேஜர் முறைத்தார்.

"நான் ஊழியர் இல்ல, சரக்கு. இன்னைக்கு அனுப்பப்போற மூட்டையில நானும் ஒண்ணு. எப்படி அனுப்புறீங்கன்னு பாக்க வேண்டாமா?" என்றாள்.

அது உண்மைதான். இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஆடும் வேட விளையாட்டு அது. ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரவாதி, திருடன். அக்காவின் பாத்திரம் ஒரு வைத்தியச்சி. அந்த உலகத்தில் அவளை ஊசியம்மா என்றால்தான் தெரியும். இரண்டு வருடம் முன்பு ஆட்டத்தின் புதுப் பதிப்பு வந்தபோது ஊசியம்மாவும் இன்னும் பல பேரும் பழையதை விட்டு நகரமாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். இன்று பழைய சர்வர் நிற்கப்போகிறது. அதற்குள் இரண்டையும் இணைக்க வேண்டும். பழைய ஊரின் விடுதிக்குப் பின்கதவு ஒன்றை வைத்து, அது புது ஊரின் சதுக்கத்தில் திறக்கும்படி செய்திருந்தார்கள். கதவைத் தாண்டுகிறவர் சேர்த்த பலம், பை, பட்டம் எல்லாவற்றோடும் அந்தப் பக்கம் போவார். தாண்டாதவருக்குப் புது ஊரில் முதல் படியிலிருந்து ஆரம்பம். ஆறுதலுக்கு ஒரு தொப்பி இலவசம். தொப்பி மேனேஜரின் யோசனை.

மொத்தம் இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினேழு பேர். ஆட்டத்தில் எல்லோரும் பார்க்கும் ஊர்ப் பலகையில் சர்வர்காரன் தன் கையால் எழுதியிருந்தான்: 'ஒருத்தரையும் விட்டுவிட்டு வரமாட்டேன்.' எழுதியபோது அது சுலபமாக இருந்தது.

பத்தே முக்காலுக்கு ஒத்திகை. இருபது பேரின் நகலை மட்டும் கதவு வழியாக அனுப்பினார்கள். எல்லோரும் புது ஊர்த் திரையைப் பார்த்தார்கள். சதுக்கத்தில் ஒரு நாற்காலி வந்து நின்றது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு கடகடவென்று பதினெட்டு.

எலக்ட்ரீஷியன்தான் கேட்டார்: "கல்யாண மண்டபமா?"

"இதுல நான் எது?" என்றாள் அக்கா.

நிரல்காரி நகத்தைக் கடித்தாள். அவள் சோதனைக்குச் செய்த பாத்திரங்கள் ஐம்பதும் ஒழுங்காகத்தான் தாண்டின. அவை மனிதர்களாகப் போயின, இவை மட்டும் ஏன் மரச்சாமானாகின்றன என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"உன் ஆளுங்க நின்னாங்களா, உக்காந்தாங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"நின்னாங்க. எதுக்கு உக்காரணும்?"

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புதுப் பதிப்பில் ஆட்டக்காரர் கிளம்பினால் பாத்திரம் மறைந்துவிடும். பழையதில் மறையாது. விட்ட இடத்திலேயே நிற்கும். தெருவில் விட்டுப் போனால் காலையில் செருப்புகூட மிஞ்சாது. அதனால் எவ்வளவு அவசரமானாலும் விடுதிக்குப் போய், ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். உட்கார்ந்தவரை யாரும் தொட முடியாது. பழைய ஆட்கள் அத்தனை பேருக்கும் இது பல் துலக்குவது மாதிரி. இந்தப் பழக்கம் எந்தக் கையேட்டிலும் இல்லை. அதை நிரல்காரியிடம் சொல்ல சர்வர்காரனுக்கும் தோன்றவில்லை.

"உக்காந்தவுடனே அவங்க எண்ணுக்குப் பதிலா நாற்காலியோட எண்ணு பதிவாகுது, இல்லையா அண்ணா?" நிரல்காரி மெல்லச் சொன்னாள். "என் கதவு நாற்காலியைத்தான் பாக்குது. இதைப் பிரிச்சு எழுத ரெண்டு நாள் வேணும்."

"ஒரு மணி நேரம் இருக்கு," என்றார் மேனேஜர். "இப்ப ஆட்டத்துல இருக்கிறவங்களை எழுந்து நிக்கச் சொல்லுங்க. ஒரு நானூறு பேர் தேறுவாங்க. மீதிப் பேருக்குத் தொப்பி."

சர்வர்காரன் ஆட்டக்காரர் பட்டியலைத் திரையில் திறந்தான். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இந்த நேரம் வேலையில் இருப்பார்கள், தூங்குவார்கள். அவன் எழுதியதை நம்பி உட்கார்ந்தபடி விட்டுப் போனவர்கள்.

"எல்லாரையும் ஒரே நேரத்துல எழுப்ப வழியில்லையா அண்ணா?" என்று நிரல்காரி கேட்டாள்.

"இல்ல. அவங்கவங்க வந்துதான் எழுந்திரிக்கணும்," என்றான் சர்வர்காரன்.

"பொய்," என்றாள் அக்கா. "ஒரு தடவை எல்லாரும் எழுந்தோம். நீ வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்."

அவன் முகம் சிவந்தது. முதல் வாரத்தில், என்ன செய்யும் என்று தெரியாமல் ஒரு கட்டளையை அடித்துப் பார்த்திருந்தான். விடுதி தீப்பிடித்தது. உட்கார்ந்திருந்தவர்கள், தூங்கியவர்கள், எல்லோரும் தாமாக எழுந்து நின்றார்கள். நாலாவது நிமிடம் கூரை விழுந்து, உள்ளே இருந்தவர்களின் பலமும் பையும் சாம்பலாயின. அக்கா அவனோடு இரண்டு மாதம் பேசவில்லை. அந்தக் கட்டளையை அவன் பூட்டி வைத்துப் பத்து வருடத்துக்கு மேலாகிறது.

"தீ வைடா," என்றாள்.

நிரல்காரி அதற்குள் கணக்குப் போட்டிருந்தாள். கதவு செகண்டுக்குப் பத்துப் பேரைத்தான் இழுக்கும். "நாலு நிமிஷத்துல ரெண்டாயிரத்து நானூறு. இருபத்திரண்டு செகண்டு இடிக்குதே."

"ஊசியம்மாகிட்ட மழை இருக்கு," என்றாள் அக்கா. "நடு மண்டபத்துல நின்னு பெய்ய வச்சா கூரையை இன்னும் அரை நிமிஷம் தாங்கும்."

"நீ அசைஞ்சா மழை நின்னுடும். அதுக்கப்புறம் அஞ்சு செகண்டுதான் கூரை நிக்கும்," என்றான் தம்பி.

"பஸ் பின்னாடி ஓடி வர்றவங்களுக்கு நான் கொடுக்கிறதே மூணு."

நிரல்காரி கையைத் தூக்கினாள். "இன்னொண்ணு. கடைசி ஆள் தாண்டினதும் கதவைப் பூட்டியாகணும். கூரை விழும்போது திறந்திருந்தா தீயும் இந்தப் பக்கம் வந்துடும். புது ஊர் எரியும்."

மேனேஜர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "யார் பூட்டுறது?"

"நான்," என்றான் சர்வர்காரன்.

ஆட்டத்தில் இருந்தவர்களையும் விடுதிக்குள் வரச் சொல்லிவிட்டு, பதினொன்று நாற்பதுக்கு அவன் கட்டளையை அடித்தான். விடுதியின் சமையற்கட்டில் ஒரு பொறி. பிறகு திரைச்சீலை. பிறகு மண்டபம் முழுவதும், உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், ஒரே அசைவில் எழுந்து நின்றார்கள்.

"எழுந்துட்டாங்க," என்று நிரல்காரி கிசுகிசுத்தாள். அவள் கதவைத் திறந்தாள்.

புதுச் சதுக்கத்தில் முதல் ஆள் வந்தான். முழு மனிதன். துருப்பிடித்த கவசம், கிழிந்த பை, தோளில் எவனோ பரிசளித்த கோழி. அடுத்து பத்துப் பேர், அடுத்து பத்துப் பேர். எலக்ட்ரீஷியன் ஏணியை விட்டு எழுந்து வந்து திரைமுன் நின்றுகொண்டு, சந்தையில் மூட்டை எண்ணுவது மாதிரி சத்தமாக எண்ணினார். விழித்திருந்து ஆடிய நானூறு பேரும் சதுக்கத்தை அடைந்ததும் முதல் வேலையாகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"ஐயோ, இங்க உக்கார வேண்டாமே," என்றாள் நிரல்காரி.

"விடும்மா. வந்தவங்க கொஞ்சம் உக்காரட்டும்," என்றார் எலக்ட்ரீஷியன், எண்ணிக்கையை விடாமல்.

நாலாவது நிமிடம் உத்திரம் முறிகிற சத்தம் கேட்டது. அக்கா ஒரு பொத்தானை அழுத்தினாள். மண்டபத்துக்குள் மழை கொட்டியது. புகைக்கு நடுவே ஊசியம்மா இரண்டு கையையும் தூக்கியபடி நின்றாள். இருநூறு பேர் பாக்கி. நூறு. அக்கா மூச்சுகூட விடவில்லை.

"ரெண்டாயிரத்து அறுநூத்திப் பதினாறு," என்று கத்தினார் எலக்ட்ரீஷியன். "ஒண்ணுதான் குறையுது."

"அக்கா, ஓடு."

அவன் சொல்வதற்கு முன்பே அவள் ஓடிக்கொண்டிருந்தாள். மழை நின்றது. பெஞ்சு ஒன்று எரிந்து குறுக்கே விழ, வளைவில் பஸ்ஸைத் திருப்புகிறவள் போல நிஜ உடம்பையே சாய்த்து அதைச் சுற்றினாள்.

"பூட்டுங்க," என்றார் மேனேஜர். கூரையின் ஒரு பக்கம் தொங்கியது. "தீ வந்துடும், பூட்டுங்க சார்."

சர்வர்காரனின் விரல் பொத்தானின் மேல் இருந்தது. எழுதியது நினைவிருந்தது. ஒருத்தரையும் என்றால் ஒருத்தரையும்தான். மூன்று. நான்கு. ஊசியம்மாவின் மேலங்கி நுனியில் தீ பிடித்திருந்தது.

அந்த நுனியும் வாசலைத் தாண்டியது. அவன் விரல் இறங்கியது. அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது, தாழ் விழுந்தது, பூட்டு ஏறியது.