வெளியே நின்று அழித்த ஃபோல்டர்

1

இந்தக் கதையை எழுத எனக்கு ஆசை இல்லை. தச்சநல்லூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். அங்கே ஒருவரின் நெஞ்சு எக்ஸ்ரே படம் அழிந்துபோய்விட்டது. அழிந்ததில் என் பங்கும் உண்டு. வாயால் சொல்ல முடியாததால் எழுதிப் பார்க்கிறேன்.

முதல் தொடக்கம்: "தாமிரபரணியில் அன்று தண்ணீர் கலங்கி

(நிறுத்திவிட்டேன். ஆற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

இரண்டாவது: "டைட்டஸ் ஒரு மறதிக்காரன்."

(பொய். நாளுக்கு நூறு பேர் படத்தைக் கையாண்டால் எவனுக்கும் குழம்பும்.)

2

டைட்டஸ் என்னோடு வேலை பார்ப்பவன். கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் படங்களை இடம் மாற்றுவோம். எந்த ஃபோல்டரில் எது என்று அவன் திணறியதால், அந்தத் திரையின் அமைப்புக் கோப்பில் எட்டு வரி சேர்த்தேன். ஒரு ஃபோல்டருக்குள் நுழைந்ததும், அதற்கென்று எழுதிவைத்த குறிப்பு மஞ்சள் எழுத்தில் வரும். 'இதில் பாதிதான் அனுப்பியிருக்கிறது.' 'பல் டாக்டர் கேட்பார்.'

"ஏலே, எங்க வீட்டுக்காரிகூட இவ்வளவு ஞாபகப்படுத்த மாட்டா" என்றான் டைட்டஸ்.

கல்குவாரி ஆட்களுக்கு முகாம் போட்டு எடுத்த படங்களுக்கு நானே குறிப்பு எழுதினேன்: 'அழிக்காதே. ஃபிலிம் போடவில்லை. வேறு பிரதி கிடையாது.'

* என் அப்பாவும் குவாரியில் ஜல்லி உடைத்தவர். அவர் இருமும்போது (வேண்டாம். இது அவர் கதையில்லை.)

3

டிஸ்க் நிறைந்துவிட்டது. பழையதை அழிக்கச் சொன்னார் முதலாளி. டைட்டஸ் எந்த ஃபோல்டருக்குள்ளும் போகவில்லை. வெளியே நின்றபடியே பெயர்களை வரிசையாகத் தட்டி அழித்தான். முகாம் ஃபோல்டரும் போனது, அதற்குள் இருந்த என் குறிப்போடு சேர்த்து.

உள்ளே போனால்தான் குறிப்பு வரும். அப்படித்தான் நான் எழுதியிருந்தேன். குவாரியில் வெடி வைக்கும்போது சிவப்புத் துணியைக் குழிக்குள் போடமாட்டார்கள், பாதையில் கட்டுவார்கள். அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான்.

4

கோமுவின் வீட்டுக்காரர் இசக்கிமுத்து அந்த முகாமுக்கு வந்தவர். இரண்டு மாதத்துக்கு முன் இறந்துபோனார். குவாரித் தூசி நோய்தான் என்று காட்ட, நிவாரண அலுவலகத்தில் படம் கேட்கிறார்கள். அதை வாங்கத்தான் கோமு எங்கள் சென்டருக்கு வந்தாள். ஆளைத் திரும்ப நிறுத்திப் படம் எடுக்க வழியில்லை.

முதல் பிரதியில் கோமுவை அழவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு ஆறுதல் சொன்னாள்:

"பைய தேடுங்க தம்பி. அவுக நெஞ்சு உள்ளதான இருக்கு. எங்க போயிரப் போவுது?"

முடிவு அ: பழைய டிஸ்கில் ஒரு பிரதி கிடைக்கிறது. (மூன்று நாள் தேடினேன். இல்லை.)

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறேன். அவள் மன்னி (எதற்கு மன்னிக்க வேண்டும்?)

முடிவு இ டைட்டஸ் சொன்னது. அந்த முகாமுக்கு அடுத்த வருடம் போட்ட முகாமின் படங்கள் அப்படியே இருக்கின்றன. அதில் இசக்கிமுத்து வயதுள்ள ஒருவரின் படத்தை எடுத்துப் பெயரை மாற்றிவிடலாம் என்கிறான்.

"எல்லாம் ஒரே தூசிதானலே. எந்த நெஞ்சா இருந்தா என்ன?"

அந்த நெஞ்சுக்காரர் உயிரோடிருக்கிறார். இன்னும் கல்தான் உடைக்கிறார். நாளை அவர் வீட்டிலிருந்தும் இதே படத்தைக் கேட்டு வருவார்கள். ஒரே படம் இரண்டு பெயரில் போனால் இரண்டு வீட்டுக்கும் நிவாரணம் கிடைக்காது. மாற்றாவிட்டால் கோமுவுக்கு இன்றைக்கே இல்லை.

5

டைட்டஸ் பெயர் மாற்றும் கட்டளையைத் தட்டிவைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். எண்டர் மட்டும் பாக்கி. கோமு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறாள்.

"கிடைச்சிட்டா தம்பி?"

"அக்கா, படம்

இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. ஏழு முறை எழுதி ஏழு முறையும் இங்கேதான் நின்றேன். மீதியை நீங்கள் சொல்லுங்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.