மெழுகு படாத இடம்

மழை பின்னேரம் தொடங்கும் என்று தொலைபேசி காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. சிசிலி குசினி மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டு, கன்வஸ் துணியை நிலத்தில் விரித்து முழங்காலில் நின்றாள். வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கும்போது பேனாட் நிலத்தில் விரிக்கிற துணி அது. கணவனிடம் கேட்காமல்தான் எடுத்திருந்தாள்.

அவர்களுடைய மகன் றொக்சன் சித்திரை மாதத்திலிருந்து நகரத்தின் மேற்கு எல்லையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், ஒரு காட்டுக்கரையில் இருக்கிறான். படிப்பைப் பாதியில் விட்டவன். “உழைக்காதவனுக்கு இந்த வீட்டிலை கட்டில் இல்லை” என்று பேனாட் சொன்ன அன்றே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கொண்டுபோன கூடாரம் கோடைக் காற்றில் கிழிந்துபோனது. இப்போது இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, அதில் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு அதன்கீழ் படுக்கிறான். ஐப்பசி மழையை அது தாங்காது. சிசிலி கடையில் தார்ப்பாய் வாங்கிக் கொண்டுபோனபோது, “காசு குடுத்து வாங்கினது ஒண்டும் வேண்டாம்” என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

காசு கொடுக்காமல் அவளுக்குக் கிடைப்பது மெழுகு ஒன்றுதான். சனிக்கிழமைகளில் கோயில் கூட்டப் போகிறவள், அந்தோனியார் சுரூபத்தடியில் எரிந்து மீந்த மெழுகுதிரித் துண்டுகளைக் குப்பையில் போட மனம் வராமல் பையில் கட்டி வைத்திருந்தாள். யார் யாருடைய நேர்த்திக்கடனோ. அவற்றை ஒரு தகரப் பேணியில் போட்டு, தகரத்தைக் கொதிநீரில் இறக்கி உருக்கினாள். தனி மெழுகு குளிருக்கு வெடித்துவிடும் என்பதால் கொஞ்சம் எண்ணெய் கலந்தாள். தூரிகையால் பூசி, தலை உலர்த்தும் மெஷினால் சூடு காட்ட, வெள்ளையாய்ப் படிந்த மெழுகு துணிக்குள் இறங்கி மறைந்தது.

முடிந்ததும் துணியின் நான்கு முனைகளையும் கதிரைகளில் கட்டி, ஒரு சாடி தண்ணீரை ஊற்றினாள். ஓரங்களில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. நடுவில் ஒரு கறுப்பு வட்டம் விரிந்தது. அதன் அடியிலிருந்து ஒரு சொட்டு நிலத்தில் விழுந்தது.

அவன் படுத்தால் முகத்துக்கு நேரே வரும் இடம்.

களைப்பு என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் களைத்த கை ஓரத்தை விடும், மூலையை விடும். நடுவைச் சுற்றிச் சுற்றிப் பூசிவிட்டு நடுவை விடாது. தன் கை தனக்குத் தெரியாமல் எதை விரும்பியது என்று பார்க்கப் பயமாக இருந்தது.

கதவு திறந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் ஒரு வீட்டின் வெளிச்சுவருக்குப் பெயின்ற் அடிக்கும் வேலை. மழை வரப்போகிறதென்று பேனாட்டை நேரத்தோடு அனுப்பியிருக்கிறார்கள்.

“மெழுகு நாத்தம் படிக்கட்டு வரைக்கும் வருது. வீட்டிலை பூசை வைக்கிறீரோ?”

அவள் எழுந்திருக்கவில்லை. அவர் கதிரைகளைப் பார்த்தார்.

“என்ரை துணி.”

“ஓம்.”

“அவனுக்கோ?”

“ஓம்.”

“நனைஞ்சால் வருவான் எண்டு நான் மழையைப் பாத்துக்கொண்டிருக்கிறன். நீர் கூரை போட்டுக் குடுக்கிறீர்.”

“மழைக்குப் பயந்து வாறவன், மழை விட்டால் போயிடுவான்.”

தூரிகை படாமல் விட்ட இடங்களைச் சுவர்களில் தேடியே பழகிய பேனாட்டின் கண் நேரே துணியின் நடுவுக்குப் போனது.

“இதை ஏன் விட்டனீர்?”

மெழுகு முடிந்துபோச்சு என்று சொல்லலாம். ஆனால் அடுப்பில் தகரம் பாதிக்கு நிறைந்திருந்தது. அவர் அதையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். பிறகு, பல நாளைக்குப் பின், அவர் குரல் இளகியது.

“அப்ப நீரும் என்னோடைதான்.”

ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்த ஆதரவைத் தாங்க முடியவில்லை. பிள்ளையின் முகத்தில் தண்ணீர் விழட்டும் என்று காத்திருக்கும் இரண்டு பேரில் தானும் ஒருத்தி. அந்தப் பக்கத்தில் நின்றபடி இனி எந்தச் சுரூபத்தடியைத் துடைப்பது? அவள் தூரிகையை எடுத்தாள். பேனாட் தடுக்கவுமில்லை, உதவவுமில்லை. பூசி, சூடு காட்டி, மறுபடி பூசினாள். ஊற்றிய தண்ணீர் இம்முறை நடுவில் தேங்கி நின்றது. அடியைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

துணியை மடித்து எடுத்தபோது பேனாட் கார்ச் சாவியோடு வாசலில் நின்றார்.

“பஸ்ஸிலை போனால் மழை உமக்கு முன்னம் போயிடும். ஏறும். நான் இறங்கமாட்டன்.”

காட்டுக்கரையில் தூறல் தொடங்கியிருந்தது. றொக்சன் துணியை விரித்து, பெயின்ற் கறைகளைப் பார்த்தான்.

“இது அப்பாவின்ரை எல்லோ. அவருக்குத் தெரியுமோ?”

“றோட்டிலை காருக்குள்ளை இருக்கிறார்.”

அவன் றோட்டுப் பக்கம் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் துணியைக் கையில் வைத்திருந்தான். பிறகு பழைய விரிப்பை இழுத்து எறிந்துவிட்டு, கயிற்றின்மேல் இதைப் போட்டான். அம்மாவும் மகனும் சேர்ந்து முனைகளை இழுத்துக் கட்டினார்கள். மழை அடித்துப் பெய்யத் தொடங்கியது. உள்ளே குனிந்து உட்கார்ந்தார்கள். நாலு பக்கமும் தண்ணீர் கொட்டியது. இருந்த இடத்தில் ஒரு துளி இல்லை.

“வீட்டை வாவன், ராசா.”

“பேந்து பாப்பம். நீங்கள் போங்கோ அம்மா, இருட்டப்போகுது.”

அவள் நனைந்தபடி காருக்கு வந்து ஏறினாள். பேனாட் அவளுக்குப் பின்னால் மரங்களுக்கிடையே பார்த்தார்.

“வரேல்லையோ?”

“இல்லை.”

வைப்பர் போய் வந்தது.

“ஒழுகுதோ?”

“இல்லை.”

அவர் உடனே காரை எடுக்கவில்லை.