ஹாபெனிஷ்ட் வீட்டுச் சம்பந்தம்

நான் ராஸ் அல் கைமாவுக்கு வந்து இறங்கிய காலத்தில் இங்குள்ள மலைகள் இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்தன. சிமெண்டுக்காக வெட்டி வெட்டி இப்போது என் தோள் மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்போது நான் ஒரு அரபியின் படகில் மீன்பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோக, ஒரு சுறா எங்களைத் துறைமுகம் வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டது. விட்டுவிட்டுப் போகவில்லை. கூலிக்காக நின்றது. அரபி நல்ல மனிதர், கொடுத்தார்.

என் தங்கை சுகிர்தராணி இதை நம்புவதில்லை. நான் வாயைத் திறந்து மணி என்ன என்று சொன்னால்கூட இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வாள். அப்படிப்பட்டவள் ஒரு ஜெர்மன்காரனுடைய குடும்பப்பெயரை விசாரித்துவரும் வேலையை என்னிடம் ஒப்படைத்தாள் என்றால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை என்று அர்த்தம். அவள் மகள் சுபிஷாவுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். எங்கள் ஊர்க் கடற்கரையில் தாய்மாமன் சம்மதிக்காமல் கல்யாணப் பேச்சு நகராது. தாய்மாமன் பொய்யனாக இருந்தாலும் அதுதான் சட்டம்.

விஷயம் இதுதான். சுபிஷா இங்கே செராமிக் கம்பெனிகள் இருக்கும் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். அந்தக் கம்பெனிகளில் ஒன்றுக்குப் புதுச் சூளை மாட்ட ஜெர்மனியிலிருந்து வந்த யோனாஸ் கையைச் சுட்டுக்கொண்டு கிளினிக்குக்கு வந்தான். சுபிஷா கட்டுப்போட்டாள். புண் ஆறியது. ஆறிய பிறகும் கட்டுப்போட வந்துகொண்டே இருந்தான். மருத்துவ சாஸ்திரத்தில் இதற்கு மருந்து கிடையாது.

மகளைப் பார்க்க விசிட் விசாவில் வந்திருந்த சுகிர்தராணியிடம் சுபிஷா விஷயத்தைச் சொன்னாள். சுகிர்தராணி முதலில் வேதத்தைக் கேட்டாள். பையன் ஞானஸ்நானம் வாங்கியவன். பேரைக் கேட்டாள். யோனாஸ். பைபிளில் மீன் வயிற்றுக்குள் போய்த் திரும்பி வந்தவருடைய பேர், மீன்பிடிக்கும் குடும்பத்துக்குத் தோதானதுதான் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அதற்கு அவள் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். குடும்பப்பேர் என்ன என்றும் கேட்டாள்.

ஹாபெனிஷ்ட்.

அந்தப் பேருக்கு அர்த்தம் என்னவென்று தெரிந்துகொள்ள, அவள் தன் போனில் பேசிக் கேட்டாள். போனுக்குள் இருக்கிற பெண், "என்னிடம் இல்லை" என்றாள். பழைய போன், அதில் இல்லை போலிருக்கிறது என்று என் போனை வாங்கினாள். அதிலும் "என்னிடம் இல்லை". பக்கத்து பிளாட் ஜுலைஹா பீவியுடைய போன் விலை கூடியது. அதிலும் இல்லை. சுபிஷா டியூட்டி முடிந்து வந்த பிறகு, "அம்மா, அதுக்கு அர்த்தமே அதுதான்" என்றாள்.

ஒன்றும் இல்லாதவன். இதுதான் குடும்பப்பேர். அப்பன், பாட்டன், பூட்டன், எல்லோரும் அதைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டியவர்கள்.

சுகிர்தராணி அன்றைக்கு இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் புருஷன் நசரேன் புயலில் போனவன். கூடப்போன மூன்றுபேர் உடல் கிடைத்தது, அவன் உடல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு இவள் மீன்கூடையைத் தலையில் தூக்கினாள். பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், நாற்றம் என்று. நடந்தே போவாள். மிட்டாய்க் கடை, வளையல் கடை, எந்தக் கடையைக் கடந்தாலும் பிள்ளை கையைக் காட்டும், இவள் இல்லை என்பாள். இந்த இடத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

மறுநாள் என்னிடம் சொன்னாள். "இல்ல, இல்லன்னு சொல்லியே வளத்த பிள்ளையாக்கும் அண்ணே. அந்தச் சொல்லையே பேரா வச்சிருக்கவன் வீட்டுக்கா அனுப்ப?"

பேரில் என்ன இருக்கிறது, அவனுக்கு நல்ல சம்பளம் என்றேன்.

"அவ பாஸ்போர்ட்ட பாத்திருக்கியா? சுபிஷா நசரேன். கல்யாணம் முடிஞ்சா அத அடிச்சிட்டு 'இல்லை'ன்னு எழுதுவானுவ. அந்த மனுசனுக்கு ஒரு கல்லறைகூடக் கெடையாது. அந்த பாஸ்போர்ட்டுலதான் இருக்கார்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஊருக்குத் திரும்புவதற்குள் அந்தக் குடும்பத்துக்கு ஏன் அந்தப் பேர் வந்தது, உலகத்தில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது, எல்லோரும் பிச்சைக்காரர்களா என்று விசாரித்துவரச் சொன்னாள். உண்மையை மட்டும் கொண்டுவா என்றும் சொன்னாள்.

யோனாஸை அவன் கம்பெனிக்கு எதிரே இருக்கும் கபிட்டேரியாவில் பிடித்தேன். பரோட்டாவைச் சாயாவில் முக்கித் தின்னும் அளவுக்குத் தேறியிருந்தான். என்னுடைய இங்கிலீஷ் படகில் படித்தது, அவனுடைய இந்தி சூளையடியில் படித்தது. இரண்டையும் சேர்த்தால் ஒரு பாஷை ஆகிவிட்டது. பேரைப் பற்றிக் கேட்டதும் அவன் கோபப்படவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் இதற்காக அடிவாங்கியும் கொடுத்தும் பழகியவன் என்றான். கம்பெனியில் வேலை செய்யும் பிள்ளைகள் அர்த்தம் தெரிந்துகொண்டு 'மாஃபி சார்' என்று கூப்பிடுகிறார்களாம். அரபியில் மாஃபி என்றால் இல்லை. இவன் அதற்குத் திரும்பிப் பார்க்கிறானாம்.

ஜெர்மனியில் அந்தப் பேர் ரொம்ப அதிகமும் இல்லை, ரொம்பக் குறைவும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் சந்திக்க முடியாது, ஆனால் தேடினால் கிடைப்பார்கள். அவன் ஊரில் மூன்று வீடு. அதில் ஒருவர் அவனுடைய சித்தப்பா, மேசை நாற்காலிக் கடை வைத்திருந்தார். கடைக்கு வெளியே பெரிய எழுத்தில் 'இல்லாதவன்' என்று பேர்ப்பலகை. ஜனங்கள் அதைப் படித்துவிட்டு உள்ளே போய்க் கட்டில் வாங்கினார்கள். இது அவன் சொன்னது, நான் சொன்னதில்லை.

ஏன் அந்தப் பேர் வந்தது என்றதற்குத் தோளைக் குலுக்கினான். ஜெர்மனியில் மாவரைத்தவனுக்கு அந்தத் தொழில் பேரானது, கொல்லனுக்கு அவன் தொழில். இது அப்படி இல்லை. பல நூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு ஏழையைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கிண்டலாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். வரி எழுத வந்தவன் அதையே எழுதிக்கொண்டு போயிருப்பான். அந்த ஏழையிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

எனக்கு மனசெல்லாம் குளிர்ந்தது. ஏனென்றால் இது பட்டப்பேர். எங்கள் கடற்கரையில் ஒரே கோவில் பங்கில் பதினெட்டு தேவதாஸ் இருப்பார்கள். நான் ஒன்பதாவது. அடையாளத்துக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு. சுறாத்தலை, ஒத்தக்கடுக்கன், தூங்குதுடுப்பு. எல்லாம் அடுத்த வீட்டுக்காரன் வைத்ததுதான். அது பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் இறங்கும். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சொல்வார்கள், முகத்துக்கு நேரே சொன்னால் பல் விழும். நம்மவர்கள் அதை ஆபீசில் எழுதிக் கொடுக்காமல் தப்பித்துவிட்டார்கள். ஜெர்மன்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சந்தோஷத்தில் எங்கள் வீட்டுப் பட்டப்பேரையும் அவனுக்குச் சொன்னேன். வெறுங்கூடை. பூட்டன் கடலுக்குப் போய் எப்போதும் வெறுங்கூடையோடு வந்தவர். அவரைக் கண்டால் மீன்கள் வேறு ஊர்க் கடலுக்குக் குடிபெயர்ந்துவிடும். யோனாஸ் அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். நல்ல உச்சரிப்பு. நான் பாராட்டிவிட்டு வந்தேன்.

தங்கையிடம் உண்மையை மட்டும்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் உண்மை கொஞ்சம் மெலிந்து தெரிந்தது. ஆகவே ஒரு ராஜாவைச் சேர்த்தேன். ராஜா தன் தேசத்தில் பஞ்சம் வந்தபோது பணக்காரர்களை அழைத்தார். எல்லோரும் ஒளித்துவைத்தார்கள். ஒரே ஒரு பிரபு மட்டும் அத்தனையையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்து கையை விரித்துக் காட்டினார். ராஜா கண்கலங்கி, "இனி நீர் இல்லாதவர் என்றே புகழ்பெறுவீர்" என்றார். ராஜாவின் பெயர் நான்காம் ஃபிரெடரிக்.

சுகிர்தராணி கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ராஜா எந்த பாஷையில் கண்கலங்கினார் என்று விசாரித்தாள். பிறகு, பையனை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வரச் சொல், அவனிடமே கேட்டுக்கொள்கிறேன் என்றாள். சுபிஷா என்னை அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டுபோய், இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் ராஜாவைக் கொண்டுவந்து கெடுத்துவிட்டதாக அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை யோனாஸ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். சுகிர்தராணி நெய்மீன் குழம்பு வைத்திருந்தாள். வேண்டாத சம்பந்தக்காரனுக்கும் குறைவாகச் சமைக்க அவளுக்குத் தெரியாது. அவன் முள்ளை நாக்கால் ஒதுக்கித் தின்றதை ஓரக்கண்ணால் கவனித்தாள். எல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை சோறு வாங்கும்போது அவன், அவளைச் சந்தோஷப்படுத்த நினைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து தமிழில் சொன்னான்.

"நான் ஹாபெனிஷ்ட். நீங்க வெறுங்கூடை. ரொம்ப நல்லது."

கரண்டி சட்டிக்குள் விழுந்தது. இதே சொல்லுக்காக என் தங்கை ஊரில் ஒருமுறை மீன்சந்தையில் ஒரு பொம்பளையின் கொண்டையைப் பிடித்து இழுத்து, பங்குச்சாமி வந்து விலக்கிவிட வேண்டியதாயிற்று. இப்போது அவள் தன் மேசையில், தன் குழம்பைத் தின்றுகொண்டிருக்கிற ஒருவன் வாயிலிருந்து அதைக் கேட்கிறாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் அப்பளத்தைப் பார்த்தேன். அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

சுபிஷா அவனிடம் இங்கிலீஷில் தாழ்ந்த குரலில் என்னவெல்லாமோ சொன்னாள். பட்டப்பேர், பாஸ்போர்ட், அப்பா, கடல். அவன் காது சிவந்துபோனது. கையில் ஒட்டியிருந்த சோற்றோடு யோசித்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வெளியே போய் இடது கையால் போன் போட்டு யாரிடமோ பேசிவிட்டு, திரும்பி வந்து அடுக்களை வாசலில் நின்று பேசினான். சுபிஷா பின்னால் நின்று தமிழில் சொன்னாள். ஜெர்மனியில் புருஷன் பெண்டாட்டியுடைய பேரையும் எடுத்துக்கொள்ளலாமாம். இவன் தன் பேரை விட்டுவிடுவானாம். இனிமேல் யோனாஸ் நசரேன். சுபிஷா பேர் அப்படியே இருக்குமாம்.

சுகிர்தராணி திரும்பினாள். கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் ஏதோ கணக்கு உதைக்கிறது என்று அவள் நெற்றி சுருங்கியது.

"நசரேன் மகன் யோனாஸா? அப்போ இவ ஆரு? நசரேன் மகள்லா?"

சுபிஷாவுக்குப் புரியவில்லை.

"எந்தச் சாமியார்டி அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கல்யாண ஓலை வாசிப்பார்?"

நான்தான் யோனாஸுக்கு விளக்கினேன். நம் ஊரில் கடைசியில் வருவது குடும்பத்தின் பேர் இல்லை, அப்பாவின் பேர். நசரேன் என்று போட்டுக்கொண்டால் நீ நசரேனுக்குப் பிறந்தவன். சுபிஷா உன் உடன்பிறந்தவள். நான் உனக்கும் தாய்மாமன். கல்யாணம் கலாஸ். அவன் மூஞ்சியில் ஒரு சூளையே அணைந்தது போலிருந்தது. அதைப் பார்த்து சுகிர்தராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்ததில் கண்ணில் நின்ற தண்ணீரும் இறங்கியது. இறங்கியதைத் துடைக்காமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பேரை விடப்போவதாகச் சொன்னாயே, உன் அம்மாவிடம் கேட்டாயா என்று விசாரித்தாள். இப்போதுதான் போனில் கேட்டானாம். அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பா செத்துப்போனார். அம்மா அந்தப் பேரை மாற்றவில்லை. ஆனாலும், அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு மனசு ஆறும் என்றால் விட்டுவிடு என்றாளாம்.

சுகிர்தராணி சாப்பாட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளும் புருசன் பேரத்தான் வச்சிக் காத்திருக்கா," என்றாள். "அத நான் பிடுங்கப்பிடாது. அவன் பேரு அவன்கிட்ட இருக்கட்டு. இவ பேரு இவகிட்ட இருக்கட்டு. அதுக்கு ஜெர்மனிக்காரனுவ சம்மதிப்பானுவளா, கேளு."

சம்மதிப்பார்கள் என்றான். தனித்தனிப் பேரோடும் குடும்பம் நடத்தலாம், அங்கே நிறையப்பேர் அப்படித்தான். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றான்.

சுகிர்தராணி அவன் தட்டில் ஆறிப்போன சோற்றை எடுத்துவிட்டுச் சூடாகப் போட்டாள். மீன் தலையையும் வைத்தாள். அது எங்கள் வீட்டில் எனக்கு வருவது.

கை கழுவிய கையோடு ஊருக்குப் போன் போட்டாள். பங்குச்சாமி எடுத்தார். அடுத்த ஞாயிறிலிருந்து மூன்று வாரம் பூசையில் ஊரறியக் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும் என்றாள். மாப்பிள்ளை பேரைச் சொன்னாள். சாமிக்கு அது வாயில் நுழையவில்லை. இது என்ன பேரும்மா, என்ன அர்த்தம் என்று கேட்டிருக்க வேண்டும். ஏதாவது பிரபு, அரண்மனை என்று சொல்லச் சொல்லி நான் சைகை காட்டினேன். அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"இல்லாதவன்னு அர்த்தம் சாமி. பட்டப்பேராக்கும். எங்களுக்கு வெறுங்கூடைன்னு உண்டும்லா, அதுமாதி." சந்தையில் கொண்டையிலிருந்து இவள் கையைப் பிரித்துவிட்டவர் அவர்தான். "சத்தமா வாசியுங்க, ஒண்ணும் பயப்படாண்டாம். பொண்ணு பேர வாசிக்கும்போ மட்டும், நசரேன் மகள் சுபிஷான்னு நசரேன முதல்ல வாசிக்கணும். மூணு வாரமும்."

சாமி பேனா எடுத்துவர நேரமானது. வந்ததும் மாப்பிள்ளை பேரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னார். சுகிர்தராணி போனை யோனாஸ் கையில் கொடுத்தாள். அவன் எழுந்து நின்று சொன்னான்.