மருந்து ஏறாத மரம்

தோட்டக்காரருக்குத் தன் நிழலின் மேலேயே நம்பிக்கை கிடையாது. மச்சினன் மேல் எங்கே வரும்? மாமரத் தண்டில் துளை போட்டு, வண்டு மருந்தை ஊசியால் ஏற்றுபவன் அந்த மச்சினன்தான். மருந்தோ பார்வைக்குப் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. தண்ணீரையே ஏற்றிவிட்டு நம் தலையில் மிளகாய் அரைக்கிறானோ என்று ஒரு வாரமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று மரம் மரமாகக் குனிந்து செத்த வண்டுகளைத் தேடினார். எல்லா மரத்தடியிலும் கிடந்தன. கிணற்றோர மரத்தில் மட்டும் வண்டுகள் சொந்த வீடு மாதிரி உலாவிக்கொண்டிருந்தன. பயல் வசமாக மாட்டினான்!

விலை பேச வந்த பழ வியாபாரி ஒரு பழத்தைக் கடித்து ருசி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரிலேயே தோட்டக்காரர் மச்சினன் மேல் எகிறினார்.

"இந்த மரத்துக்கு ஊசியே போடலதானே? மருந்தை எங்கடா வித்தே?"

மச்சினனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீங்கதானே மாமா சொன்னீங்க? இது நம்ம வீட்டுப் பிள்ளைங்க சாப்பிடுற மரம், இதுக்கு மட்டும் மருந்து ஏத்தாதேன்னு!"

வியாபாரி மெல்லுவதை நிறுத்தினார். கையிலிருந்த மீதிப் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த மரத்துப் பழங்க?"