மேடம் கேட்டது தனகோட்டியைத்தான்

1

இந்தக் கதை நான் போட்ட கூச்சலில் பிறந்தது. செஞ்சி தாலுக்கா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தனகோட்டிதான் பதினோரு வருடமாக என் கதைகளை டைப் அடித்துத் தருகிறவள். போன மாதம் தந்த தாள்களில் வரிக்கு இரண்டு பிழை. "கண்ண எங்க வெச்சிருந்த?" என்று நாலு பேர் முன்னால் கத்திவிட்டேன். அப்போது டீ வந்தது. நான் கர்சீப்பைச் சுற்றிப் பிடித்து நீட்டிய கொதிக்கிற டம்ளரை அவள் வெறும் விரலால் வாங்கிக்கொண்டு நின்றாள். விரல் நுனி சிவந்தது. அவளுக்குத் தெரியவே இல்லை.

மார்பில் புற்றுநோய், பாண்டி ஆஸ்பத்திரியில் வாராவாரம் ஊசி, பன்னிரண்டில் ஏழு போட்டாயிற்று. இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த ஊசியால் விரல்கள் மரத்துப்போனது மட்டும் தெரியாது. கேட்டால்தானே தெரியும்!

2

முதலில் எழுதிய தொடக்கம்: "கண்ணாடி முன் நின்ற தனகோட்டி, சீப்போடு வந்த முடிக்கற்றையைப் பார்த்து"

வாக்கியம் அங்கேயே நிற்கிறது. இந்தக் கதையையும் அவள்தான் டைப் அடிக்கிறாள். தாள் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் அடைப்புக்குறி போட்டு இப்படி இருந்தது:

[சார், முடி போனா மொளைக்கும். எல்லாரும் முடியப் பத்தியே எழுதறீங்க. ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியல. பஸ்ஸுல ஒரு செருப்பு கழண்டுது, எறங்கி நடந்த பெறகுதான் தெரிஞ்சிது. ஒரு பக்கம் அடிக்க ஒரு மணி நேரம் ஆவுது. இந்த வெரல வெச்சித்தான் நான் சோறு துன்றேன். அத எழுதுங்க.]

எழுதுகிறேன்.

3

ஆஸ்பத்திரி அறை. டாக்டர் மேடம் தனகோட்டியைப் பார்த்துக் கேட்கிறார்: "கை கால் விரல் மரத்துப் போகுதா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து கணவர் கோதண்டராமன் சொல்கிறார்: "அதெல்லாம் ஒண்ணும் இல்லிங்க மேடம். நல்லா தாங்குது."

மேடம் எழுதிக்கொள்கிறார். அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார்கள். தனகோட்டி பொறுமையாகத் தலையசைத்து எழுந்தாள்.

[எவ தலைய ஆட்னா? பல்லக் கடிச்சிக்கினு வந்தேன். நாலு வாரமா இதே கூத்து.]

கோதண்டராமனைக் குடிகாரராக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. மனுஷன் தங்கம். நாட்டுக்கோழி முட்டைக்காக அவலூர்பேட்டை சந்தை வரைக்கும் போய் வருகிறவர். அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவராக இருந்தால் என் வேலை சுலபம்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் வெடித்தாள்.

"மேடம் என்னத்தான கேட்டாங்க? உனக்கா மரத்துப் போச்சி?"

"சொன்னா ஊசிய நிறுத்திட்டாங்கன்னா இன்னா பண்ணுவ? உசுரு முக்கியமா, வெரலு முக்கியமா?"

"ரெண்டும் என்து. நான் சொல்றேன் எது முக்கியம்னு."

(ஒரு குறிப்பு. சொன்னால் உடனே நிறுத்திவிடுவார்கள் என்றில்லை. அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். சொல்லாமல் விட்டால் மரப்பு ஆயுசுக்கும் தங்கிவிடலாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் தமிழிலேயே போட்டிருக்கிறது. தாள் கோதண்டராமனின் சட்டைப் பையில் இருக்கிறது.)

4

முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: தனகோட்டி எழுந்து நின்று முழங்க, மேடம் கை தட்ட... சீ, வேண்டாம்.

இரண்டு: கோதண்டராமன் மனம் திருந்திக் கண்ணீர் விடுகிறார்.

[அவரு அழுதா நான்தான் சார் தேத்தணும். எனக்கு அதுக்கெல்லாம் தெம்பு இல்ல.]

மூன்றாவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. வியாழக்கிழமை ஊசிக்கு நானே கூடப் போய் மேடத்திடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்கிறேன். அவள் அதை டைப் அடிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க யாரு சார் சொல்றதுக்கு? அவரு ஒரு வாயி, நீங்க ஒரு வாயி. என் வாயில இன்னா கொழுக்கட்டையா இருக்குது?"

சுருக்கென்றது. கோபமும் வந்தது, மறைப்பானேன். பதினோரு வருடப் பழக்கம், உதவி செய்யப்போனால் இப்படியா? வீட்டுக்கு வந்து இந்தக் கதையை மறுபடி படித்தேன். ஆரம்பத்திலிருந்து அவளுக்காக நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

5

வியாழக்கிழமை. எட்டாவது ஊசி. மேடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டார். கோதண்டராமன் தொண்டையைச் செருமுகிறார். என் கையில் பேனா இருக்கிறது. வாசகரே, உம்மிடமும் ஒரு நல்ல பதில் தயாராக இருக்கும், தெரியும். தயவுசெய்து வாயை மூடும்.

கீழே இடம் விட்டிருக்கிறேன். அது அவளுடையது.

[எல்லாரும் எழுந்து வெளில போயி குந்துங்க, மேடத்தாண்ட நான் பேசிக்கறேன். கதவ சாத்திக்கினு போங்க.]